நேரம் இருக்கு, பழைய பழக்கம் அதுமேல உக்காந்திருக்கு

"எக்சர்சைஸ் பண்ணனும்னு ஆசையா தான் இருக்கு, ஆனா எங்கங்க நேரம்?" இந்த ஒரு வரிய சொல்லாத ஆள் என்னை சுத்தி யாருமே இல்ல. கூட வேலை பாக்குறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிற ஃபிரெண்ட்ஸ், வயசான அப்பா அம்மாவ பாத்துக்கிட்டே வேலைக்கும் ஓடுறவங்க, எல்லாரும் சொல்றாங்க. இதுல நெறைய பேர் சாக்கு சொல்லல, உண்மையாவே காலைல கண்ணு முழிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் அவங்க நேரம் அவங்க கைல இல்ல. அதனால "மனமிருந்தா மார்க்கமுண்டு"ன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போற அட்வைஸ் எனக்குப் புடிக்கிறதில்ல. கேக்குறவங்களுக்கு அது குற்ற உணர்ச்சிய குடுக்கும், ஒரு நிமிஷத்த கூட குடுக்காது.

கெட்ட பழக்கத்த விடுறது ஒரு வேலை, உடம்புக்கு நேரம் ஒதுக்குறது இன்னொரு வேலைன்னு நாம ரெண்டா பிரிச்சு வச்சுக்கிட்டு ரெண்டுத்துக்கும் தனித்தனியா போராடுறோம். எனக்கு அது ரெண்டும் ஒரே வேலையா தான் தெரியுது. நாம தேடுற அந்த அரை மணி நேரம் புதுசா எங்கேர்ந்தும் வரப் போறதில்ல, ஏற்கனவே ஒரு பழக்கம் அதுமேல உக்காந்திருக்கு. அத எழுப்பி விடணும், எழுப்பி விட்ட கையோட அந்த சேர்ல வேற ஒண்ண உக்கார வைக்கணும், ஏன்னா காலியா விட்டா பழசு தான் திரும்ப வந்து உக்காரும்.

பழக்கம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா இது இன்னும் தெளிவாகும். ஒரு விஷயத்த ஒரே இடத்துல ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப பண்ணப் பண்ண, யோசிச்சு பண்றது கொறைஞ்சு அது தானா நடக்க ஆரம்பிச்சிடும், மூளைக்குள்ள ஆழத்துல இருக்கிற பேஸல் கேங்லியாங்கிற பகுதிக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. அதுக்கப்புறம் அந்த இடத்துக்குப் போனாலே போதும், அந்த நேரம் வந்தாலே போதும், கை தானா போகும். வெண்டி வுட்னு ஒரு உளவியல் பேராசிரியர், பழக்கத்த பத்தியே பல வருஷமா ஆராய்ச்சி பண்றவங்க, அவங்க குழு 2002ல வெளியிட்ட ஆய்வுல ஆளுங்கள மணிக்கொரு தடவ "இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்"னு எழுத வச்சாங்க. பாத்தா, நாம பண்றதுல 43 சதவீதம் கிட்ட அதே இடத்துல தெனமும் பண்ற, பெரும்பாலும் மனசு வேற எங்கயோ இருக்கும்போது பண்ற விஷயங்கள் தான்.

அதே வெண்டி வுட் இன்னும் சிலரோட சேந்து 2011ல ஒரு பாப்கார்ன் ஆய்வு வெளியிட்டாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச ஆய்வு அது. தியேட்டர்ல ட்ரெய்லர் பாக்க உக்கார வச்சு, கொஞ்ச பேருக்கு அப்பத் தான் பொரிச்ச பாப்கார்ன், மத்தவங்களுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி பொரிச்சு நமுத்துப் போனது. தியேட்டருக்குப் போனாலே பாப்கார்ன் சாப்புடுற பழக்கம் இருக்கிறவங்க நமுத்ததையும் நல்லதுக்கு சமமா சாப்பிட்டு முடிச்சாங்க, நல்லால்லன்னு வாயால சொல்லிக்கிட்டே. ஆனா அதே மாதிரி பழக்கம் இருக்கிறவங்கள ஒரு மீட்டிங் ரூம்ல உக்கார வச்சு வீடியோ போட்டப்போ நமுத்தத அவ்ளோ சாப்புடல. தியேட்டர்லயே, ஆனா எப்பவும் சாப்புடுற கைய விட்டுட்டு மத்த கையால சாப்புடுங்கன்னு சொன்னப்பவும் அந்தப் பழக்கம் அறுந்து போச்சு. யாரும் அவங்களுக்கு மன உறுதிய பத்தி பாடம் எடுக்கல, இடம் மாறுச்சு, இல்ல கை மாறுச்சு, அவ்ளோ தான் நடந்தது.

இத படிச்சதுலேர்ந்து "எனக்கு வில் பவர் இல்ல"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கிறதில்ல. ஃபோன் தலகாணிக்கு அடில இருந்தா அலாரம் அடிச்சதும் அத எடுத்து நிறுத்துவோம், நிறுத்தின கை அப்படியே மெசேஜ் பாக்கும், மெசேஜ்லேர்ந்து ரீல்ஸ், ரீல்ஸ்லேர்ந்து எழுந்து மணி பாத்தா குளிக்கக் கூட நேரம் இருக்காது. இதுல எந்த இடத்துலயும் நாம முடிவுன்னு ஒண்ணு எடுக்கவே இல்ல. ஃபோன அடுத்த ரூம்ல சார்ஜ் போட்டுட்டு சாதாரண அலாரம் கடிகாரம் ஒண்ணு வச்சுக்கிட்டா, பாப்கார்ன மத்த கையால சாப்புட்ட மாதிரி தான், நடுவுல ஒரு தடங்கல் வந்துடுது. அந்த சின்ன இடைவெளில தான் ஷூ போட முடியும்.

இப்ப எல்லாத்தையும் விட கஷ்டமான பழக்கத்துக்கு வரேன், ராத்திரி லேட்டா முழிச்சிருக்கிறது. இத சோம்பேறித்தனம்னும் கட்டுப்பாடு இல்லன்னும் திட்டுறவங்க அந்த மனுஷனோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு பாக்கணும். வேலை முடிஞ்சு, வீட்டு வேலை முடிஞ்சு, பசங்க தூங்கி, பாத்திரம் கழுவி, நாளைக்கு வேண்டியத எடுத்து வச்சு, அப்பாடான்னு உக்காரும்போது பதினோரு மணி. அந்த நாள்லயே அவங்களுக்குன்னு சொந்தமான முதல் நேரம் அது, யாரும் எதுவும் கேக்காத நேரம். அதப் போய் தூக்கத்துக்குக் குடுக்க மனசு வருமா? அதனால தான் ஃபோன், சீரிஸ், கொறிக்க ஏதாவது ஒண்ணு, இப்படியே ஒரு மணி ஆயிடுது. அது ஓய்வுக்கான ஏக்கம், நியாயமான ஏக்கம். ஆனா விலை பெருசு.

தூக்கம் கொறைஞ்சா மறுநாள் பசிய நம்மளால கட்டுப்படுத்த முடியாததுக்கு உடம்புக்குள்ளயே காரணம் இருக்கு. 2004ல வெளிவந்த ஒரு ஆய்வுல ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேர ரெண்டு ராத்திரி 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க, இன்னொரு ரெண்டு ராத்திரி 10 மணி நேரம் படுக்க விட்டாங்க. கொறைச்சு தூங்கினப்போ, வயிறு நெறைஞ்சுதுன்னு சொல்ற லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் கொறைஞ்சுது, பசிய தூண்டுற கிரெலின் 28 சதவீதம் ஏறுச்சு. சின்ன ஆய்வு தான், ஆனாலும் தூங்காத நாள்ல சாயங்காலம் இனிப்பும் பொரிச்சதும் தேடுற எல்லாருக்கும் இது அனுபவத்துலயே தெரியும். அப்புறம் அந்த சோர்வுக்கு சாயங்காலம் ஸ்ட்ராங்கா ஒரு காபி. காஃபீன் உடம்புல பாதியா கொறையவே பொதுவா 5 மணி நேரம் கிட்ட ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். 2013ல ஒரு ஆய்வுல படுக்குறதுக்கு 6 மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவங்களுக்கே தூக்கத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு, 400ங்கிறது பல கப் காபிக்கு சமம் தான், இருந்தாலும் 6 மணி நேரம் முன்னாடிங்கிறத கவனிங்க. ஆக ராத்திரி முழிப்பு, காலைல எழ முடியாம போறது, பகல்ல அசதி, சாயங்காலம் காபி, திரும்ப ராத்திரி முழிப்பு. இந்த வட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு "நாளைலேர்ந்து அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுறேன்"னு முடிவு எடுத்தா அது எப்படிங்க நிக்கும்?

அதனால யாராவது எங்கிட்ட எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா எக்சர்சைஸ்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, தூக்கத்துலேர்ந்து ஆரம்பிங்கன்னு தான் சொல்லுவேன். பெரியவங்களுக்கு ராத்திரிக்கு கொறைஞ்சது 7 மணி நேரம்னு தூக்க மருத்துவ நிபுணர்கள் சொல்றாங்க. தனக்குன்னு இருக்கிற அந்த நேரத்த விட்டுட வேண்டாம், அத கொஞ்சம் முன்னாடி இழுத்து வைக்கணும். நான் பண்றது, வேலை முடிஞ்சு வந்ததும் மொதல்ல அரை மணி நேரம் எனக்குன்னு எடுத்துக்கிறது, அந்த அரை மணில தான் நடக்குறது, புடிச்ச பாட்டோ பாட்காஸ்டோ காதுல ஓடும். வீட்டு வேலை அரை மணி தள்ளிப் போகுது, ஒண்ணும் ஆகல. அந்த ஓய்வு சாயங்காலமே கெடைச்சிட்டா ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஃபோன்ல அத தேடுற அந்தத் தவிப்பு நல்லாவே அடங்கிடுது.

புடிச்ச ஒண்ண எக்சர்சைஸோட சேத்துக் கட்டுறத பத்தியும் ஆய்வு இருக்கு. கேத்தி மில்க்மன்னு ஒரு பேராசிரியர் 2014ல வெளியிட்டது, கீழ வைக்க முடியாத அளவுக்கு சுவாரஸ்யமான ஆடியோ புத்தகங்கள ஜிம்ல மட்டும் தான் கேக்க முடியும்னு வச்சப்போ ஆளுங்க ஆரம்பத்துல ஜிம்முக்கு கூடுதலா போனாங்க. நடுவுல லீவு வந்ததும் அந்த வேகம் கொறைஞ்சு போச்சுங்கிறதும் அதே ஆய்வுல இருக்கு, அதயும் சொல்லிடணும். பயணம், லீவு, உடம்பு சரியில்லாம போறது, இதெல்லாம் வந்துட்டுப் போனா யாருக்கா இருந்தாலும் மறுபடி மொதல்லேர்ந்து கட்டணும்.

சரி, எவ்வளவு பண்ணனும்? இங்க தான் பல பேர் தேவையில்லாம மலைச்சுப் போறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது, வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதாவது பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கிற அளவு வேகமான நடை மாதிரி, இல்லன்னா 75லேர்ந்து 150 நிமிஷம் மூச்சு வாங்குற கடுமையான உழைப்பு, கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வலு சேக்குற பயிற்சி. முன்னாடி, ஒரே மூச்சுல 10 நிமிஷமாவது பண்ணா தான் கணக்குன்னு ஒரு விதி இருந்துது, அத 2020ல எடுத்துட்டாங்க. எத்தன பேருக்கு இது தெரியும்னு தெரியல, ஆனா நேரம் இல்லாதவங்களுக்கு இத விட பெரிய நல்ல சேதி கெடையாது. மூணு நிமிஷம் படி ஏறினா அதுவும் சேரும்.

2022 டிசம்பர்ல நேச்சர் மெடிசின் இதழ்ல வந்த ஆய்வு இத இன்னும் ஒரு படி மேல கொண்டு போச்சு. எக்சர்சைஸே பண்றதில்லன்னு சொன்ன 25,000 பேருக்கும் மேல கைல ஒரு கருவிய கட்டிவிட்டு அவங்க அசைவ பதிவு பண்ணி, அப்புறம் சில வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. தெனமும் மூணு தடவ, ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் மட்டும் வேகமா மூச்சு வாங்குற மாதிரி ஏதாவது பண்ணவங்களுக்கு, ஓடிப் போய் வண்டி புடிக்கிறது, கனமான பைய தூக்கிட்டு விறுவிறுன்னு நடக்குறது, இந்த மாதிரி தான், மரண அபாயம் 38லேர்ந்து 40 சதவீதம் கொறைவா இருந்துது, அப்படி எதுவுமே பண்ணாதவங்களோட ஒப்பிட்டா. இது ஆளுங்கள கவனிச்சுப் பாத்த ஆய்வு, அதனால இதுவே முழுக் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா இந்த விஷயம் புதுசும் கெடையாது. 1953லயே ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் லண்டன் மாடி பஸ்ல வேலை பாத்தவங்கள ஆராய்ஞ்சார், நாள் முழுக்க உக்காந்து ஓட்டுற டிரைவர்கள விட, மேலயும் கீழயும் படி ஏறி எறங்கி டிக்கெட் குடுக்குற கண்டக்டர்களுக்கு இதய நோய் கொறைவு. அந்த கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போகல, எக்சர்சைஸ்னு நேரமும் ஒதுக்கல, அவங்க வேலைக்குள்ளயே அது இருந்துது.

தெனமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் நடந்தே ஆகணும்ங்கிற கணக்கும் தேவையில்லாம மலைக்க வைக்கிறது தான். 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி வித்த நடை எண்ணுற கருவியோட பேர்லேர்ந்து வந்த எண் அது, எந்த மருத்துவ ஆய்வும் சொன்ன எல்லை இல்ல. 2019ல சராசரி 72 வயசு இருக்கிற பெண்கள வச்சு பண்ண ஆய்வுல ஒரு நாளைக்கு 4,400 ஸ்டெப்ஸ் கிட்ட நடந்தவங்களுக்கே, ரொம்ப கொறைவா நடந்தவங்கள விட மரணம் கணிசமா கொறைவு, 7,500 கிட்ட அந்த நன்மை ஒரு நிலைக்கு வந்துடுது. கைல கட்டின வாட்ச் ராத்திரி ஆறாயிரம்னு காட்டுதேன்னு மனசு ஒடிஞ்சு போறவங்களுக்காக இத சொல்றேன்.

எப்ப, எங்கன்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறத மட்டும் தயவு செஞ்சு பண்ணிப் பாருங்க. 2002ல ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல மாணவர்கள மூணு குழுவா பிரிச்சாங்க. ஒரு குழுவ சும்மா விட்டாங்க, ஒரு குழுவுக்கு இதய நோய் பத்தியும் எக்சர்சைஸோட நன்மை பத்தியும் நல்லா எடுத்து சொன்னாங்க, மூணாவது குழுவுக்கு அதயும் சொல்லி, கூடவே "அடுத்த வாரம் இந்தக் கிழமை, இத்தன மணிக்கு, இந்த இடத்துல பண்ணுவேன்"னு எழுதி வாங்கினாங்க. முதல் குழுல 38 சதவீதம் பேர் அந்த வாரம் பண்ணாங்க, வெறும் அறிவுரை கேட்ட குழுல 35, எழுதிக் குடுத்த குழுல 91. அறிவுரை மட்டும் ஒண்ணுமே சேக்கலங்கிறது தான் எனக்கு முக்கியமா படுது, ஏன்னா நமக்கெல்லாம் விஷயம் தெரியாம இல்ல. எழுதும்போது ஏற்கனவே தெனமும் தவறாம நடக்குற ஒரு காரியத்தோட ஒட்டி எழுதுங்க, "சாயங்காலம் பண்ணுவேன்"ங்கிறத விட "வேலைலேர்ந்து வந்து செருப்ப கழட்டாம, பைய மட்டும் வச்சிட்டு கெளம்பிடுவேன்"ங்கிறது நிக்கும்.

21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றத நம்பி 22வது நாள் மனசு உடையாதீங்க. அந்த எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷனுக்கு அப்புறம் நோயாளிகள் தங்களோட புது முகத்துக்குப் பழக கொறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினதுலேர்ந்து வந்தது. லண்டன்ல ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010ல வெளியிட்ட ஆய்வுல ஒரு புது செயல் தானா நடக்குற அளவுக்கு வர நடுத்தரமா 66 நாள் ஆச்சு, ஆளப் பொறுத்து 18லேர்ந்து 254 நாள் வரைக்கும் போச்சு. தண்ணி குடிக்கிற மாதிரி விஷயம் சீக்கிரம் படிஞ்சுது, எக்சர்சைஸ் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு நேரம் எடுத்துது. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெரிய பாதிப்பு எதுவும் இல்லங்கிறதும் அதே ஆய்வு தான் சொல்லுது. ஒரு நாள் விட்டுட்டு "எல்லாம் போச்சு"ன்னு மொத்தத்தையும் விடுறவங்க இத எழுதி கண்ணுல படுற மாதிரி ஒட்டி வச்சுக்கலாம்.

சிகரெட்ட இந்தக் கணக்குல சேக்கக் கூடாது, நிகோட்டின் அடிமைத்தனம் பழக்கத்துக்கும் மேல ஒரு படி, அதுக்கு டாக்டர் உதவி, நிகோட்டின் பேட்ச், மாத்திரை எல்லாம் இருக்கு, கேக்குறதுல எந்த வெட்கமும் வேண்டாம். ஆனா ஒரு விஷயம் உதவும், சிகரெட் ஆசை எழும்பும்போது அஞ்சு பத்து நிமிஷம் வேகமா நடந்தா அந்த ஆசை கொஞ்ச நேரத்துக்கு அடங்குதுன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க. இங்கயும் பாருங்க, போன பழக்கத்தோட எடத்துலயே தான் நடை வந்து உக்காருது.

இன்னொண்ணு சொல்லாம விட்டா இந்தப் பதிவே அரைகுறையா போயிடும். ஒரு வீட்ல ஒருத்தர் காலைல ஒரு மணி நேரம் ஜாகிங் போயிட்டு வர்றார்னா அந்த ஒரு மணி நேரம் பசங்கள எழுப்பி, குளிப்பாட்டி, டிஃபன் கட்டி அனுப்புறது யாரு? பெரும்பாலும் மனைவி. அப்ப அவர் நேரத்த உண்டாக்கல, இன்னொருத்தர் நேரத்த எடுத்துக்கிட்டார். ஃபிட்னஸ் பத்தி பேசுறவங்க இத பேசுறதே இல்லன்னு எனக்கு ரொம்ப வருத்தம். ரெண்டு பேரும் உக்காந்து வாரத்துல இந்த மூணு நாள் உனக்கு, இந்த மூணு நாள் எனக்குன்னு பிரிச்சுக்கிட்டு, அந்த நேரத்துல வீட்ட இன்னொருத்தர் முழுசா பாத்துக்கணும், ஃபோன் பண்ணி "துண்டு எங்க இருக்கு"ன்னு கேக்காம. வீட்டு வேலையே எக்சர்சைஸ் தானேன்னு சொல்லி மனைவிக்கு சேர வேண்டிய அந்த நேரத்த தட்டிக் கழிக்காதீங்க. உடம்பு அசையுது, அது நல்லது தான், ஆனா தனக்குன்னு ஒரு நேரம் அதுல வராது, தசைக்கு வலு சேக்குற அளவுக்கு பாரமும் பெரும்பாலும் வராது.

அந்தத் தசை விஷயத்த நடக்குறவங்க பல பேர் விட்டுடுறாங்க. 30 வயசுக்கு மேல ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் தசைல 3லேர்ந்து 8 சதவீதம் கரையுது, 60க்கு மேல இன்னும் வேகமா. சாப்பிட்டதுலேர்ந்து வர்ற சர்க்கரைய பெரும்பங்கு உள்வாங்குறதே தசை தான், அதனால இது வெறும் தோற்றத்துக்கான விஷயம் இல்ல. கருவி எதுவும் வேண்டாம், சேர்லேர்ந்து கையூனாம எழுந்து உக்காருறது, சுவத்துல கை வச்சு புஷ்-அப், படில முன்பாதத்த வச்சு குதிகால தூக்கி எறக்குறது, வாரத்துல ரெண்டு நாள், பத்து பதினஞ்சு நிமிஷத்துல ஆரம்பிக்கலாம். ரொம்ப நேரம் உக்காந்தே வேலை பாக்குறவங்க ஒவ்வொரு ஃபோன் கால் முடிஞ்சதும் எழுந்து நாலு ஸ்குவாட், அதாவது முட்டிய மடக்கி உக்காந்து எழுறது, போட்டா கூட அன்னிக்கு முடியும்போது ஒரு கணக்கு சேந்திருக்கும்.

ஆரம்பிச்ச மறுநாள் தொடையும் கையும் வலிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு இன்னும் ஜாஸ்தி ஆகி அப்புறம் தானா போயிடும், பழக்கமில்லாத தசை வேலை செஞ்சா வர்ற வலி அது, பயப்பட வேண்டாம், அந்த நாள்ல லேசா நடங்க. மூட்டுக்குள்ள குத்துற மாதிரி வலி வந்தா மட்டும் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, நெஞ்சுல இறுக்கமோ தலைசுத்தலோ வந்தா உடனே நிறுத்துங்க, சட்டுனு சரியாகலன்னா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏற்கனவே இதய நோய், சர்க்கரை, பிரஷர் இருக்கிறவங்க வேகத்த கூட்டுறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க, மெதுவா நடக்குறத பெரும்பாலும் அவங்களே இன்னிக்கே ஆரம்பின்னு தான் சொல்லுவாங்க.